அடம்பன் கொடியும் திரண்டால்



"கடல் எங்களைக் காப்பாற்றினதோ அக்கா, நாங்கள் கடலைக் காப்பாற்றுறதுக்கு?"

கரையோரக் கிராமங்களில் கடற்கரைத் துப்புரவு பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி எப்படியும் என் காதில் விழும். கேட்பவர்கள் பகிடிக்குக் கேட்பதில்லை. 2004 டிசெம்பர் 26இல் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் இருக்கின்றார்கள். தொழிலுக்குப் போன கணவர் திரும்பி வராமல் இருப்பவர்கள் இருக்கின்றார்கள். பாஸ் இல்லாமல் கரைக்குப் போக முடியாமல் வருடக்கணக்காகக் கிடந்தவர்கள் இருக்கின்றார்கள். அப்படிப்பட்டவர்களிடம் போய் "கடல் எங்கள் தாய்" என்று பிரசங்கம் செய்ய எனக்கு நா எழுவதில்லை.

ஆனால் விடிந்தால் எங்கள் அடுப்பு கடலைத்தானே பார்த்திருக்கின்றது? வலையில் இருந்து நண்டு கழற்றுவது யார்? இறால் தெரிவது யார்? கருவாடு காயப்போடுவதும், வலை பொத்துவதும், களப்பில் மட்டி பொறுக்குவதும் யார்? பெரும்பாலும் பெண்கள்தான். அவர்களுள் பலர் குடும்பத்தைத் தனியாகத் தாங்குபவர்கள். பிடிபாடு குறைந்தால் படகுக்காரர் கடன் வாங்கியாவது அடுத்த நாள் போவார். கரையில் நாட்கூலிக்கு நிற்கும் பெண்ணுக்கு அன்றைக்கே வேலையில்லை. ஆகவே கடலைக் காப்பது கடலுக்கு நாங்கள் செய்யும் தருமம் அல்ல. எங்கள் உலைக்கு நாங்கள் போடும் அரிசி என்றுதான் நான் சொல்வேன்.

சரி, எங்களைப் போன்றவர்களால் என்ன செய்ய முடியும்? விளையாட்டாலும் தொண்டாலும் கடலுக்கு நன்மை செய்தவர்கள் சிலரைப் பற்றி இம்முறை எழுதுகின்றேன். அவர்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்று இருக்கின்றது.

கடலுக்குள் போவது என்ன?

உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி பத்து இலட்சம் தொன் பிளாஸ்ரிக் கடலுக்குள் போவதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். அது உக்குவதில்லை. வெயிலிலும் அலையிலும் நொருங்கி நொருங்கிச் சிறு துகளாகின்றது. மீன் அதைத் தீன் என்று நினைத்து விழுங்குகின்றது. கடலாமைக்குப் பொலித்தீன் பை சொறிமுட்டை போலத் தெரிகின்றது. கைவிடப்பட்ட தங்கூசி வலையோ இன்னும் மோசம். இழுக்க ஆளில்லாமலே அது கடலுக்குள் மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படிப் பிடித்தது ஒருவர் சட்டிக்கும் வந்து சேராது.

எங்கள் நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல் தீப்பற்றியது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. யூன் மாதத்தில் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் குருணிகள் அதில் ஏற்றப்பட்டிருந்தன. பருப்பின் அளவில் இருக்கும் அந்த வெள்ளைக் குருணிகள் நீர்கொழும்புப் பக்கக் கரைகளில் மணலை மூடிக் கிடந்தன. நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. களுத்துறை தொடக்கம் நீர்கொழும்பு வரை மீன்பிடி தடைசெய்யப்பட்டது. அந்தக் கரைகளில் மீன் விற்றும் கருவாடு போட்டும் சீவித்த பெண்களின் நிலை எப்படி இருந்திருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அப்போது கடற்படையினரும் அரச ஊழியர்களும் கரையைத் துப்புரவு செய்தார்கள். ஊரவர்களும் இளைஞர் யுவதிகளும் தொண்டர்களாக வந்து இணைந்தார்கள். மணலை அரிதட்டில் அரித்துக் குருணிகளைப் பிரித்தெடுத்தார்கள். மா அரிக்கத் தெரிந்த எங்களுக்கு அந்த வேலை புதிதல்ல. சுற்றாடல் நீதிக்கான நிலையமும், கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும், வேறு சிலரும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 யூலையில் கப்பல் நிறுவனத்தரப்பு நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நீதிமன்றத்துக்கு முன்னால் "எங்கள் கடல் போச்சே" என்ற அழுகை மட்டும் வைக்கப்படவில்லை. எத்தனை ஆமை செத்தது, எத்தனை ஓங்கில் செத்தது, எந்தக் கரையில் எவ்வளவு குருணி ஒதுங்கியது என்ற கணக்கும் வைக்கப்பட்டது. கணக்கின் பெறுமதியை எங்களுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. காணாமற்போன பிள்ளையின் பெயர், திகதி, இடம் என்று எல்லாவற்றையும் கோவையில் கட்டி, கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவர்கள் நாங்கள். எழுதி வைக்காதது நடக்கவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள்.

இரண்டு பெண்கள் தொடங்கிய எண்ணிக்கை

உலகின் மிகப் பெரிய கடற்கரைத் துப்புரவு இயக்கமும் இந்தக் கணக்கில் இருந்துதான் பிறந்தது. அதைத் தொடங்கியவர்கள் லின்டா மரனிஸ், கெதி ஓஹாரா என்ற இரண்டு அமெரிக்கப் பெண்கள். 1986ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலக் கடற்கரையில் குப்பை நிறைந்து கிடந்ததைக் கண்டு அவர்கள் ஆட்களைக் கூப்பிட்டார்கள். 2,800 பேர் வந்தார்கள். மூன்று மணித்தியாலத்தில் 124 தொன் குப்பை அள்ளப்பட்டது.

அள்ளியது பெரிய காரியந்தான். ஆனால் அதிலும் பெரிய காரியம் ஒன்றைச் செய்தார்கள். வந்த ஒவ்வொருவரிடமும் ஒரு அட்டையைக் கொடுத்து, எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் அதில் பதியச் சொன்னார்கள். போத்தல் எத்தனை, கயிறு எத்தனை, மூடி எத்தனை என்று கோடு போட வைத்தார்கள். கரையில் கிடக்கும் குப்பை எங்கிருந்து வந்தது, அதில் கப்பல்களில் இருந்து வீசப்பட்டது எது என்று பேசுவதற்கு அதனால் ஓர் ஆதாரம் கிடைத்தது. கப்பல்கள் பிளாஸ்ரிக்கைக் கடலில் வீசக்கூடாது என்ற சர்வதேச விதி 1988 டிசெம்பர் 31இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னால் பல நாடுகளின் முயற்சி இருந்தது. கரையில் நின்று எண்ணியவர்களின் அட்டைகளும் அந்த வாதத்துக்குப் பலம் சேர்த்தன.

இன்று அந்த இயக்கம் 150க்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியிருக்கின்றது. ஒவ்வொரு வருடமும் செப்ரெம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையைச் சர்வதேச கரையோரத் துப்புரவு நாளாகக் கொண்டாடுகின்றார்கள். எங்கள் நாட்டிலும் அந்த நாட்களில் துப்புரவுப் பணி நடைபெறுகின்றது. இதுவரை உலகில் ஒரு கோடி எழுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் இதில் பங்குபற்றியுள்ளனர்.

ஒரு நாள் கூட்டித் துடைத்தால் போதுமா என்று நீங்கள் கேட்பீர்கள். போதாது. மும்பையின் வெர்சோவா கடற்கரையைப் பாருங்கள். 2015 ஒக்ரோபரில் அப்ரோஸ் ஷா என்ற இளம் சட்டத்தரணி, 84 வயதான தன் அயலவர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, இரண்டே பேராக அங்கே குப்பை பொறுக்கத் தொடங்கினார். குப்பை இடுப்பளவுக்குக் கிடந்த கரை அது. அடுத்த வாரமும் போனார்கள். அதற்கடுத்த வாரமும் போனார்கள். கரையோரக் குடிசைகளில் வாழும் மக்களிடம் போய்ப் பேசினார்கள். அவர்களுக்காகப் பொது மலசலகூடங்களையும் துப்புரவு செய்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊர் சேர்ந்தது. இரண்டு வருடத்துக்குள் ஐம்பது இலட்சம் கிலோவுக்கு மேல் குப்பை அகற்றப்பட்டது. 2016இல் ஐக்கிய நாடுகள் சபை அவருக்கு விருது கொடுத்தது.

விருது கிடைத்துவிட்டதால் எல்லாம் சுகமாக முடிந்துவிடவில்லை. சேர்த்து வைத்த குப்பையை நிர்வாகத்தினர் நேரத்துக்கு ஏற்றிச் செல்லாததாலும், சிலர் தொண்டர்களுக்குத் தொல்லை கொடுத்ததாலும் 2017இன் இறுதியில் வேலையை நிறுத்தும் நிலையும் வந்தது. பின்னர் மீண்டும் தொடங்கினார்கள். 2018 மார்ச் மாதத்தில் அந்தக் கரையில் ஆமைக் குஞ்சுகள் மணலில் இருந்து வெளிவந்து கடலுக்கு ஊர்ந்து போனதைக் கண்டார்கள். இருபது வருடத்துக்கு மேலாகக் காணாத காட்சி அது.

விளையாட்டு எப்படி உதவும்?

அறிவுரைக் கூட்டம் என்றால் யாரும் வரமாட்டார்கள். போட்டி என்றால் ஊரே வரும். எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளை நினைத்துப் பாருங்கள். பந்தல் கட்ட, சோடனை செய்ய, தண்ணீர் கொடுக்க என்று பெற்றாரும் பழைய மாணவரும் அழையாமலே வந்து நிற்பார்கள். இந்த ஈர்ப்பைத்தான் சிலர் கடலுக்காகப் பயன்படுத்துகின்றார்கள்.

லூயிஸ் பியூ என்பவர் சட்டம் படித்தவர், நீச்சல் வீரர். 2007 யூலையில் அவர் வடதுருவத்தில் பனிக்கட்டிகளுக்கிடையில் ஒரு கிலோமீற்றர் தூரத்தை 18 நிமிடம் 50 செக்கனில் நீந்தினார். தண்ணீரின் வெப்பநிலை பூச்சியத்துக்கும் கீழே 1.7 பாகை. அங்கே பனி உருகி நீந்தக்கூடிய கடலாகிவிட்டது என்பதை உலகுக்குக் காட்டவே அவர் இறங்கினார். 2015இல் தென்துருவத்தின் ரோஸ் கடலில் நீந்தினார். அந்தக் கடலைப் பாதுகாக்கும் ஒப்பந்தத்துக்கு அப்போது இணங்காமல் இருந்த ரஷ்யாவுக்கு நேரே போய் அதிகாரிகளோடு பேசினார். 2016 ஒக்ரோபரில் 24 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் இணங்கி, அங்கே 15 இலட்சத்து 50 ஆயிரம் சதுர கிலோமீற்றர் கடலைப் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக்கின. அது இலங்கையைப் போல 23 மடங்குக்கும் மேல். விஞ்ஞானிகள் வருடக்கணக்காகப் பாடுபட்ட காரியம் அது. அவருடைய நீச்சல் அதற்கு உலகத்தின் கண்ணைத் திருப்பியது.

பனிக்கடலில் நீந்த எங்களால் முடியாது. ஆனால் யப்பானியர் கண்டுபிடித்த விளையாட்டு ஒன்றை நாளைக்கே எங்கள் ஊரில் தொடங்கலாம். அதன் பெயர் ஸ்போகொமி. விளையாட்டு என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தையும், குப்பை என்பதற்கான யப்பானியச் சொல்லான "கொமி"யையும் சேர்த்து வைத்த பெயர். 2008இல் தொடங்கியது. ஒரு குழுவில் மூன்று பேர். குறித்த நேரத்துக்குள் குறித்த எல்லைக்குள் குப்பை சேர்க்க வேண்டும். ஓடக்கூடாது, நடக்க மட்டுந்தான் அனுமதி. குப்பைத் தொட்டிக்குள் இருந்து எடுக்கவும் கூடாது. பிறகு தரம் பிரித்து நிறுக்க வேண்டும். குப்பையின் வகைக்கும் நிறைக்கும் ஏற்பப் புள்ளி. 2023 நவம்பரில் தோக்கியோவில் இதற்கு உலகக் கிண்ணப் போட்டியே நடந்தது. 21 நாடுகளின் அணிகள் வந்தன. பிரித்தானிய அணி வென்றது.

ஓடக்கூடாது என்ற விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றது. ஓட்டம் இல்லாவிட்டால் ஐம்பது வயது அம்மாவும் பதினைந்து வயது மகளும் ஒரே அணியில் சேரலாம். செயற்கைக் கால் பொருத்திய சகோதரியும் சேரலாம். கரையில் நடக்க முடியாதவர் கதிரையில் இருந்து நிறுத்துக் கணக்கெழுதும் நடுவராகலாம். யுத்தத்தில் அவயவங்களை இழந்த பிறகு விளையாட்டு மைதானத்தில் தங்களுக்கு இடமில்லை என்று ஒதுங்கிப்போன எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். இந்த விளையாட்டில் அவர்களுக்கு இடம் உண்டு.

எங்கள் பெண்களும் தண்ணீரும்

விளையாட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. 2005இல் ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை ஒன்று, சுனாமியில் ஆண்களிலும் பார்க்கப் பெண்களே கூடுதலாக இறந்தார்கள் என்று இலங்கை, இந்தியா, இந்தோனேசியா மூன்று நாடுகளையும் குறித்துச் சொன்னது. இலங்கையைப் பொறுத்தவரை அது காட்டிய காரணங்களில் ஒன்று, நீந்துவதும் மரம் ஏறுவதும் ஆண் பிள்ளைகளுக்கே பழக்கப்பட்டிருந்தது என்பது. கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு நீந்தத் தெரியவில்லை. "பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு நீச்சல்" என்று கேட்ட வாயால்தான் பிறகு ஒப்பாரியும் வைத்தோம்.

ஆபிரிக்காவின் சன்சிபார் தீவிலும் இதே நிலைதான் இருந்தது. கடல் சூழ்ந்த தீவு, பெண்களுக்கு நீச்சல் இல்லை. அங்கே வடபகுதிக் கிராமங்களில் பஞ்சே என்ற திட்டத்தின் மூலம் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கினார்கள். உடம்பு முழுவதையும் மூடும் நீச்சல் உடையைக் கொடுத்தபோது பெற்றோரின் தயக்கமும் குறைந்தது. எங்கள் நாட்டில் அறுகம்பையில் 2018இல் பெண்களுக்கென்றே ஒரு அலைச்சறுக்குக் கழகம் உருவானது. இலங்கையில் முதலாவது அப்படிப்பட்ட கழகம் அதுவே. வெள்ளைக்காரர் வந்து விளையாடும் அலையை வாழ்நாளெல்லாம் கரையில் நின்று பார்த்த உள்ளூர்ப் பெண்கள், ஊர்க்கதைகளைத் தாண்டி அந்த அலையில் ஏறினார்கள்.

பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தவர்களில் முதல்வர் தொண்டைமானாறு நவரத்தினசாமி. அது 1954இல். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் கோடியக்கரைக்குப் போய்த் திரும்பியும் நீந்தினார். இந்த இரண்டு பெயரும் எங்கள் வீடுகளில் தெரியும். 2004இல் தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்கு நீந்திய புலா சௌத்ரி என்ற வங்காளப் பெண்ணின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் நீந்திய கடல் எங்கள் வாசலில் கிடக்கும் கடல். எங்கள் பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.

நீச்சலுக்கும் கடலைப் பாதுகாப்பதற்கும் என்ன தொடர்பு? பயந்து விலகி நிற்கும் ஒன்றை யாரும் காவல் காப்பதில்லை. கடலுக்குள் இறங்கியவளுக்குத்தான் முருகைக்கல் வெளிறியது தெரியும், சாதாழை குறைந்தது தெரியும், வலை சிக்கிக் கிடப்பது தெரியும். கடற்றொழில் சங்கக் கூட்டத்தில் "உனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்" என்று அவளை யாரும் இருத்திவிட முடியாது.

எங்கள் ஊரில் எப்படித் தொடங்கலாம்?

நான் அறிந்தவற்றையும் சில சங்கங்கள் செய்து பார்த்தவற்றையும் வைத்துச் சொல்கின்றேன். உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலாவது பாதுகாப்பு. வடக்கில் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முழுமையாக முடியவில்லை. யுத்தம் நடந்த கரைகளில் மணலுக்குள் என்ன கிடக்கும் என்று சொல்ல முடியாது. கிராம அலுவலரிடம் கேட்டு, பாதுகாப்பானது என்று உறுதியான கரையை மட்டும் தெரிவு செய்யுங்கள். தெரியாத இரும்புப் பொருள், வயர், பிளாஸ்ரிக் பெட்டி எதையும் தொடவோ தட்டவோ கூடாது. கண்டால் அந்த இடத்தை விட்டு வந்த வழியே விலகி, பொலிசுக்கு 119 இலக்கத்தில் அறிவியுங்கள். இதைத் தொடங்குமுன் பிள்ளைகளுக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டும். ஊசி, கண்ணாடி, மருந்துப் போத்தல் போன்றவற்றை வெறுங்கையால் எடுக்கக்கூடாது. கையுறையும் செருப்பும் கட்டாயம்.

இரண்டாவது, போட்டியாக வையுங்கள். மூன்று பேர் கொண்ட அணிகள், ஒரு மணித்தியாலம், ஓட்டமில்லை. சிறிய பொருளுக்குக் கூடிய புள்ளி கொடுங்கள். பெரிய போத்தலை எல்லோரும் எடுப்பார்கள். சிகரட் அடிக்கட்டை, சம்பூ பக்கற், தங்கூசித் துண்டு போன்றவற்றை எடுக்க ஆளில்லை. மீன் நிறுக்கும் தராசு போதும். பரிசுக்கு ஒரு தென்னங்கன்று கொடுத்தாலும் பிள்ளைகள் சந்தோசப்படுவார்கள். வலைப்பந்து, எல்லே அணிகள் உள்ள விளையாட்டுக் கழகங்களையும் கூப்பிடுங்கள். ஆண்களும் வரட்டும். பொறுக்கும் வேலை பெண்களுக்கு, பேசும் வேலை ஆண்களுக்கு என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, எண்ணுங்கள். ஒரு அப்பியாசக் கொப்பியில் நிரல் கீறி, போத்தல், மூடி, பொலித்தீன் பை, உணவு சுற்றும் தாள், றெஜிபோம், வலைத்துண்டு, கயிறு, செருப்பு என்று எழுதிக் கோடு போடுங்கள். உணவு சுற்றும் பொலித்தீன் தாளும் றெஜிபோம் உணவுப் பெட்டியும் 2017 செப்ரெம்பர் முதல் எங்கள் நாட்டில் தடை. அவை இன்னும் கரையில் கிடந்தால், எத்தனை என்று எழுதி வையுங்கள். போத்தலில் வேற்று நாட்டு எழுத்து இருந்தால் அதையும் குறியுங்கள். எல்லாக் குப்பையும் எங்கள் ஊர்க் குப்பை அல்ல என்பதற்கு அது சாட்சி.

நான்காவது, சேர்த்த குப்பை எங்கே போகும் என்பதை முதல் நாளே தீர்மானியுங்கள். பிரதேச சபை உழவு இயந்திரம் அனுப்பும் என்று எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கரையில் குவித்து நெருப்பு வைக்காதீர்கள், அந்தப் புகை நஞ்சு. தாழ்க்கவும் வேண்டாம், அடுத்த மாரிக்கு அது கடலுக்குத்தான் போகும். விற்கக்கூடிய போத்தல்களைப் பிரித்து விற்றுச் சங்க நிதிக்குச் சேர்க்கலாம்.

ஐந்தாவது, கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பிரதேச சபைக்கு ஒரு பிரதி, பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதி, கடற்றொழில் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு பிரதி, கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபைக்கு ஒரு பிரதி. ஏற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் திகதியும் வாங்குங்கள். மூன்று மாதத்தின் பின் அதே கரையை மறுபடி எண்ணுங்கள். கூடியதா குறைந்ததா என்று அப்போது சொல்லலாம். அதே பயணத்தில் பிரதேச செயலகத்தில் உள்ள விளையாட்டு உத்தியோகத்தரிடம், பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநரைக் கொண்டு நீச்சல் பழக்க வழிசெய்யும்படி கோரிக்கைக் கடிதமும் கொடுங்கள். பயிற்றுநர் இல்லாமல் யாரும் கடலில் இறங்கிப் பழக வேண்டாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. தொண்டு என்ற பெயரில் கூலியில்லாத வேலைக்கு ஏழைப் பெண்களைக் கூப்பிடும் வழக்கம் எங்களிடம் உண்டு. பெரியவர்கள் வந்து ரீசேட் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள், வெயிலில் நின்று அள்ளுவது நாங்கள். அப்படிப்பட்ட விழாவுக்கு "இல்லை" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நாட்கூலியை இழந்து யாரும் வர வேண்டாம். ஞாயிறு காலையோ, தொழிலற்ற நாளோ பார்த்து வையுங்கள். தேநீரும் நிழலும் பிள்ளைகளைப் பார்க்க ஒருவரும் இருக்க வேண்டும். நாங்களே தீர்மானித்து, நாங்களே எண்ணி, கணக்கு எங்கள் கையிலேயே இருந்தால்தான் அது எங்கள் தொண்டு.

இன்னுமொரு சின்னக் குறிப்பு. குப்பையோடு சேர்த்துக் கரையில் படரும் அடம்பன் கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள். பார்வைக்குப் பற்றை போல இருந்தாலும் மணலை அரிக்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். தனிக் கொடியை ஒரு பிள்ளை இழுத்தாலும் அறுந்துவிடும். திரண்டு படர்ந்துவிட்டால் அலையும் காற்றும் அசைக்க மாட்டா. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று எங்கள் முன்னோர் கரையில் நின்று பார்த்துத்தான் சொல்லியிருக்கின்றார்கள்.

வருகின்ற செப்ரெம்பர் மூன்றாவது சனிக்கிழமைக்கு இப்போதே உங்கள் சங்கத்தில் பேசித் திகதி குறியுங்கள். மாரி தொடங்கி வாய்க்கால் குப்பையெல்லாம் கடலுக்கு இழுபடுமுன் செய்வது நல்லது. எண்ணிய கணக்கை எங்களுக்கும் அனுப்பி வையுங்கள். எந்தக் கரையில் எது கூடுதலாகக் கிடந்தது என்பதை இந்தப் பக்கத்தில் வெளியிடுவோம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.